விடியவிடியக் கூத்து: ‘கர்ண மோட்சம்’ பார்த்து ரசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தெருக்கூத்து என்றதும் ‘அழிந்துவரும் கலை’ என்று பரிதாபப்படுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். பரிதாபம் ஒரு கலைஞனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் கூத்துப் பார்த்தே வளர்ந்த பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். போன வருஷம் வந்த ஜமாவின் (கூத்துக் குழுவின்) கர்ணனுக்குக் குரல் இருந்தது, கால் இல்லை. இந்த வருஷத்துக் கட்டியங்காரன் (விதூஷகன்) கெட்டிக்காரன், ஆனால் அவசரக்காரன் என்று பிட்டுப்பிட்டு வைப்பார்கள். நல்லதையும் சுமாரானதையும் பிரித்தறியும் அந்தக் கண்ணும் காதும் பிறவியில் வந்தவை அல்ல, பழகிப் பெற்றவை. புதிதாகக் கூத்துப் பார்க்கப் போகிறவரும் அவற்றைப் பழகிக்கொள்ளலாம்.

எழுத்து, இசை, நடிப்பு மூன்றையும் ரசிக்கக் கற்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கச்சேரி மேடையில் பாடுகிறவர் ஆட வேண்டியதில்லை. பரத நாட்டியத்தில் ஆடுகிறவருக்காக இன்னொருவர் பாடுகிறார். கூத்தில் வேஷக்காரர் தானே பாடி, தானே ஆடி, தானே வசனம் பேசி, கட்டைகள் எனப்படும் கனத்த மர அணிகலன்களைத் தோளில் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் களத்தில் நிற்கிறார். மூன்று திறமைகளும் ஒரே உடம்பில் சேரும்போது எது எதைத் தாங்குகிறது, எது எதைக் கெடுக்கிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

எடுத்துக்காட்டாக, பாரதப் போரில் கர்ணன் விழும் கதையான கர்ண மோட்சத்தை வைத்துக்கொள்வோம். கதை எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம் என்பதால், எப்படி நடக்கிறது என்பதில் முழுக் கவனத்தையும் வைக்கலாம்.

முதல் படி: எங்கே, எப்போது பார்ப்பது

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்கள்தான் கூத்தின் தாய்வீடு. பங்குனியில் தொடங்கி ஆடி வரை வடமாவட்டக் கிராமங்களில் இவை நடக்கின்றன. 10 நாள், 18 நாள், சில ஊர்களில் அதற்கு மேலும் நீளும். பிற்பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பில் தொடங்கி, சூது, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை என்று கதை நாளுக்கு நாள் நகர்ந்து கர்ண மோட்சத்துக்கு வரும். கடைசி நாள் காலையில் துரியோதனன் மடியும் படுகளம், மாலையில் தீமிதி.

கோயில் விழாவுக்கு வெளியிலும் கர்ண மோட்சம் ஆடப்படுவதுண்டு. காஞ்சிபுரம் பக்கத்தில் ஒருவர் இறந்த பிறகு நடக்கும் சடங்கை ஒட்டி அந்தக் குடும்பமே ஜமாவை அழைத்து இதை ஆடச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அங்கே பார்க்க நேர்ந்தால், கர்ணன் சாகும் இடத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள் யாருக்காக அழுகிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அழைப்பில்லாமல் போகிறவர் அங்கே இரண்டு மடங்கு அடக்கமாக இருக்க வேண்டும்.

நகர அரங்கில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடும் கூத்தை முதல் தடவை பார்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சுருக்கும்போது முதலில் வெட்டப்படுவது திரும்பச் சொல்லுதல். கூத்தின் கைவண்ணமோ பெரும்பாலும் அந்தத் திரும்பச் சொல்லுதலில்தான் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை போன்ற பேர்பெற்ற கூத்து ஊர்களில் ஆடும் முழு இரவு ஆட்டம் கிடைத்தால் விடாதீர்கள். புரிசைத் தம்பிரான்களின் ஆட்டம் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி போன்றவர்களைக் கூத்தின் பக்கம் திருப்பியது. 1977-ல் முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு அந்தப் பெயரிலேயே தன் கடனைச் சொல்லிக்கொண்டது.

இரண்டாம் படி: போவதற்கு முன் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள்

வில்லிபுத்தூரார் பாரதத்தில் பதினேழாம் போர்ச் சருக்கத்தை மட்டும் உரையோடு படித்தால் போதும். வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுக்காரர், அதாவது இன்றைய கடலூர், விழுப்புரம் பகுதி. கூத்து வேர்விட்டிருக்கும் அதே மண். அவருடைய பாடல்களைத்தான் இன்றும் பிரசங்கியார் பிற்பகலில் பாடி, சொல் பிரித்து, கதை விரித்துச் சொல்கிறார்.

கர்ணன் தேர்த்தட்டில் குற்றுயிராகக் கிடக்கிறான். கண்ணன் கிழ அந்தணன் வடிவில் வந்து யாசிக்கிறான். கையில் பொருள் எதுவும் இல்லாத நிலையில் கர்ணன் சொல்லும் பாடலை வில்லி இப்படித் தொடங்குகிறார்: ‘ஆவியோ நிலையில் கலங்கியது யாக்கை அகத்ததோ புறத்ததோ அறியேன்.’ உயிர் நிலைகுலைந்துவிட்டது, அது உடம்புக்கு உள்ளே இருக்கிறதா வெளியே போய்விட்டதா என்றே தெரியவில்லை என்கிறான்.

இந்தப் பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நான்கு அடிகளும் ஆவி, பாவி, ஓவி, பூவி என்று தொடங்குகின்றன. எதுகை அப்படியே பொருந்தி நிற்கிறது. ஒவ்வோர் அடியிலும் ஏழு சீர். முதல் சீருக்கும் ஐந்தாம் சீருக்கும் மோனை விழுகிறது: ஆவியோ – அகத்ததோ, பாவியேன் – பக்குவம், ஓவிலாது – உதவினேன், பூவில் – புண்ணியம். உயிர் போகிற மனிதனின் பேச்சு இவ்வளவு ஒழுங்காக இருக்குமா என்று கேட்கத் தோன்றும். எழுதியவரின் திறமை அங்கேதான் இருக்கிறது. உடம்பு குலைந்துவிட்டது, கொடுக்கும் பழக்கம் குலையவில்லை. வேண்டியதையெல்லாம் தரக்கூடிய காலத்தில் நீ வரவில்லையே என்று வருந்துகிறான், பிறகு தான் செய்த புண்ணியம் முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். ‘அறியேன்’ என்று தடுமாறி ஆரம்பித்தவன் மூன்றாம் அடியில் ‘உதவினேன்’ என்று முடிந்துபோன செயலாகவே சொல்லிவிடுகிறான். தருவேன் என்றுகூடச் சொல்லவில்லை.

இந்த ஒரு பாட்டை மனப்பாடமாகக் கொண்டு போங்கள். விடியற்காலையில் களத்தில் இந்த இடம் வரும்போது, ஜமா இதே பாட்டைப் பாடினாலும் சரி, வேறு விருத்தம் பாடினாலும் சரி, அந்தத் தடுமாற்றமும் அந்த உறுதியும் குரலில் வருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஓர் அளவுகோல் இருக்கும்.

மூன்றாம் படி: மாலையிலேயே போய்விடுங்கள்

பிரசங்கம் கேளுங்கள். அதன்பின் வேஷம் கட்டும் கொட்டகைப் பக்கம் போய், வாத்தியாரிடம் அனுமதி கேட்டுவிட்டு ஓர் ஓரமாக நில்லுங்கள். ஜமாவின் தலைவரை வாத்தியார் என்றுதான் அழைப்பார்கள். நீங்களும் அப்படியே அழைக்கலாம்.

கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டிச் செய்தவை. லேசான மரம் என்றாலும் எல்லாவற்றையும் கட்டி முடித்தால் பாரம் கணிசமானது. கட்டுகிற கயிறு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று பாருங்கள். இறுக்கம் குறைந்தால் சுழன்று ஆடும்போது கட்டை நகரும். அதிகமானால் மூச்சு முட்டி மேல்ஸ்தாயி எட்டாது. அனுபவசாலிகள் இந்த அளவைத் தங்கள் கையாலேயே சரிபார்த்துக்கொள்வார்கள். முகத்தில் வண்ணம் தீட்டுவதும் பெரும்பாலும் அவரவர் கைவேலைதான். ஒரு கையில் சின்னக் கண்ணாடி, மறு கையில் ஈர்க்குச்சி. மீசைக் கோடு இரண்டு பக்கமும் ஒரே வளைவில் இறங்குகிறதா என்று பார்ப்பது ஒரு நல்ல தொடக்கம். எந்தப் பாத்திரத்துக்கு எந்த நிறம் என்பது ஜமாவுக்கு ஜமா, பாணிக்குப் பாணி மாறும். அதை விதியாக மனப்பாடம் செய்ய வேண்டாம்.

உட்காரும் இடம் முக்கியம். ஒலிபெருக்கிக்கு நேராக உட்கார்ந்தால் காது அடைத்துப்போய் இசையின் நுணுக்கம் எதுவும் கேட்காது. வாத்தியக்காரர்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கவாட்டில், ஆட்டக்காரரின் கால் மறைக்காதபடி தரையில் உட்காருங்கள். பாய், குடிநீர், ஒரு போர்வை போதும்.

நான்காம் படி: முதல் ஒரு மணி நேரம் காதுக்கு மட்டும்

வேஷம் எதுவும் வருவதற்கு முன் களரி கட்டுவார்கள். மிருதங்கம், டோலக், தாளம், ஹார்மோனியம், முகவீணை எல்லாம் சேர்ந்து வாசித்து ஊரை அழைக்கும் நேரம் அது. பலர் இதைக் காத்திருப்பு நேரமாக நினைத்து டீக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அன்றைய இரவின் சுருதி, வாத்தியக்காரர்களுக்குள் இருக்கும் புரிதல், தாளக்காரரின் நிதானம் எல்லாம் இங்கேயே தெரிந்துவிடும்.

முகவீணையைத் தேடிக் கேளுங்கள். நாகஸ்வரத்தைவிட மிகச் சிறியது, சீவாளி வைத்து ஊதுவது, குரல் கூர்மையாக மேலே நிற்கும். பாடுகிறவர் அடியின் கடைசியில் மூச்சுக்காக விடும் இடைவெளியில் முகவீணை அந்த ஸ்வரத்தைப் பிடித்து, அடுத்த அடி தொடங்கும்வரை அறுந்துபோகாமல் கொண்டுபோய்க் கொடுக்கும். பின்பாட்டுக்காரர்கள் அடியைத் திருப்பிப் பாடுவதிலும் இதே காரியம் நடக்கிறது: ஆடுகிறவருக்கு மூச்சு வாங்க நேரம், கேட்கிறவருக்குச் சொல் தெளிய நேரம். பின்பாட்டு நல்ல ஜமாவில் அடியின் கடைசி அசையின் மேலேயே ஏறிக்கொள்ளும். சுமாரான ஜமாவில் நடுவில் ஒரு வெற்றிடம் விழும். அந்த வெற்றிடம் இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப விழுந்தால் கூத்து தளர்ந்துவிடும்.

பாடுகிறவர்கள் எல்லோரும் ஏன் இவ்வளவு உச்சத்தில் பாடுகிறார்கள் என்ற கேள்வி புதியவர்களுக்கு வரும். மைக் இல்லாத காலத்தில் திறந்த வெளியில் ஊர்க் கோடிவரை எட்ட வேண்டிய குரல் அது. அந்தச் சுருதியிலேயே தொண்டையைப் பழக்கியிருக்கிறார்கள். கச்சேரிக் காதோடு கேட்டால் கரடுமுரடாகப் படும். அந்த உயரத்திலும் சொல் சிதையாமல் இருக்கிறதா, உச்சியில் நிற்கும்போது குரல் நடுங்காமல் இருக்கிறதா என்று கேளுங்கள். ராகத்தின் பெயர் தெரிய வேண்டியதில்லை. வீரத்துக்கு ஒரு நிறம், புலம்பலுக்கு ஒரு நிறம் என்று மாறுவது காதுக்குத் தானாகவே பிடிபடும்.

ஐந்தாம் படி: திரை வரவைக் கூர்ந்து பாருங்கள்

கட்டை வேஷக்காரரின் வரவு கூத்தின் மிகப் பெரிய அழகுகளில் ஒன்று. இதற்கு நிதானமாக நேரம் கொடுங்கள்.

இரண்டு பேர் ஒரு துணியைக் குறுக்கே பிடிக்கிறார்கள். மேலே கிரீடத்தின் முனை, கீழே சலங்கை கட்டிய கால். நடுவில் இருக்கும் மனிதன் தெரியவில்லை. உள்ளிருந்து விருத்தம் கேட்கிறது, தாளம் இல்லாமல், சொல்லை நீட்டி. பிறகு தாளத்தோடு தரு என்னும் பாட்டு தொடங்குகிறது. கால் அசைகிறது. துணியின் விளிம்பைக் கை பற்றி உலுக்குகிறது. சில ஜமாக்களில் வேஷக்காரர் முதலில் முதுகைக் காட்டித்தான் நிற்பார். திரை விலகும் கணத்தில் வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாக மேலே ஏற, அவர் களத்தை வட்டமடித்துச் சுழன்று வருகிறார்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, எவ்வளவு நேரம் திரைக்குள்ளேயே நிறுத்திவைக்கிறார் என்பது. கூட்டத்தின் பொறுமையை அளந்து, அது தீர்வதற்கு ஒரு நொடி முன்னால் திரையை விலக்கச் செய்யும் வேஷக்காரர் கெட்டிக்காரர். இரண்டு, முகம் தெரிவதற்கு முன்பே பாத்திரம் தெரிகிறதா என்பது. துரியோதனன் துணியை உலுக்கும் விதமும் கர்ணன் உலுக்கும் விதமும் ஒன்றுபோல இருந்தால் அங்கே ஆட்டம் இருக்கிறது, நடிப்பு இல்லை.

வந்தவர் தன்னைப் பற்றித் தானே படர்க்கையில் பாடுவார்: இன்ன மகாராஜன் வந்தார், இப்படிப்பட்டவர் வந்தார் என்று. சற்று நேரத்தில் கட்டியங்காரன் யாரென்று விசாரிக்க, ‘நான்’ என்று பேசத் தொடங்குவார். வெளியே நின்று பாத்திரத்தை அறிமுகம் செய்தவர் எந்தச் சொல்லில் உள்ளே நுழைகிறார் என்பதைப் பிடிக்க முயலுங்கள். நல்ல வேஷக்காரர்களிடம் அது ஒரு மூச்சு மாறுவதில் தெரியும், தோள் ஒரு விரல் உயர்வதில் தெரியும்.

ஆட்டத்தைப் பற்றி ஒரு பயிற்சி. ஒரு முழுத் தருவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சலங்கையை மட்டும் கேளுங்கள். பாடிக்கொண்டே ஆடுபவருக்கு மூச்சு தீரத் தீர முதலில் தளர்வது கால்தான். சலங்கை தாளத்தின் மேல் விழுகிறதா, அதற்குப் பின்னால் இழுபட்டு வருகிறதா? கண் திறந்திருக்கும்போது கிரீடத்தின் மினுமினுப்பு இந்தக் குறையை மறைத்துவிடும்.

ஆறாம் படி: திரும்பச் சொல்வதில் இருக்கும் எழுத்து

கூத்தில் ஒரே செய்தி மூன்று முறை வரும். விருத்தத்தில் ஒருமுறை, தருவில் ஒருமுறை, வசனத்தில் ஒருமுறை. புதியவர்களுக்குச் சலிப்பு தட்டுவது இங்கேதான், பழகியவர்கள் நிமிர்ந்து உட்காருவதும் இங்கேதான்.

விருத்தம் செய்தியைப் பழைய கவிதை மொழியில், உயரத்தில் வைத்துச் சொல்லும். தரு அதை உடம்புக்குக் கொண்டுவரும். அதே சொற்கள் தாளத்தில் விழும்போது கோபமா, அச்சமா, செருக்கா என்பது தெரியும். வசனம் அதை வாசல் திண்ணைக்குக் கொண்டுவந்து போடும். விருத்தமும் தருவும் வாத்தியாரிடமிருந்து பாடமாக வந்தவை, ஏட்டிலும் அச்சுப் பிரதியிலும் இருப்பவை. வசனத்தில்தான் ஆட்டக்காரருக்குக் கை நீளும். அன்றைய ஊர், அன்றைய கூட்டம், எதிரே நிற்கும் வேஷக்காரர் யாரென்று பார்த்து அவர் அங்கேயே கோத்துப் பேசுகிறார். எழுதிவைத்த சொல் எங்கே முடிந்து அவர் சொந்தச் சொல் எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். இரண்டுக்கும் நடுவே தையல் தெரியாமல் பேசுகிறவரைக் கண்டால் அவர் பெயரை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷமும் தேடிப் போகலாம்.

ஒவ்வொரு முறை திரும்பச் சொல்லும்போதும் புதிதாக ஒன்று சேர வேண்டும். கர்ணன் போருக்குப் போகிறேன் என்று விருத்தத்தில் சொல்லும்போது அது அரசனின் அறிவிப்பு. தருவில் அது படை நடை. வசனத்தில் அவன் மனைவியின் வாசலில் நிற்கும் கணவன். மூன்றும் ஒன்றாகவே இருந்தால் ஆட்டக்காரர் பாடத்தை ஒப்பிக்கிறார் என்று பொருள்.

ஏழாம் படி: பொன்னுருவி வரும் இடம்

வியாசர் பாரதத்தில் பொன்னுருவி இல்லை. தமிழ்க் கதை மரபு கர்ணனுக்குக் கொடுத்த மனைவி அவள். கர்ண மோட்சத்தின் இதயம் போர்க்களத்தில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது இந்த வாசற்படியில் இருக்கிறது.

போருக்கு முன் விடைபெற வரும் கர்ணனைப் பொன்னுருவி உள்ளே சேர்க்க மறுக்கிறாள். தேரோட்டி வளர்த்த பிள்ளை, குலம் தெரியாதவன் என்று இகழ்கிறாள். ஊரெல்லாம் வள்ளல் என்று புகழ்பவனுக்கு வீட்டில் கிடைக்கும் பெயர் இது. அவன் கோபப்படுகிறான், கெஞ்சுகிறான், கடைசியில் தான் குந்தியின் மகன் என்ற உண்மையைச் சொல்கிறான். அவள் உடைந்துபோகிறாள். இனிப் போக வேண்டாம் என்று தடுப்பவளும் அவளே.

இந்தக் காட்சியை எழுதியவர்களின் திறமையைப் பாருங்கள். பாரதத்தின் மிகப் பெரிய ரகசியத்தை ஒரு கணவன் மனைவி சண்டையில் வைத்து அவிழ்க்கிறார்கள். சபையில் சொல்லாததை, பாண்டவர்களிடம் சொல்லாததை, தன்னை மதிக்காத ஒருத்தியிடம் சொல்கிறான். குலம் என்ற ஒற்றைச் சொல் எத்தனை முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் யார் வாயிலிருந்து எந்தத் தொனியில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். கூத்துப் பார்க்கும் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் கனம் எல்லோருக்கும் தெரியும். ஆடுகிறவர்களில் பலர் அந்தச் சொல்லால் அடிபட்டவர்கள்.

பெண் வேஷத்தை மரபாக ஆண்களே கட்டுகிறார்கள். புடவை நளினமாக இருக்கிறதா என்று பார்ப்பது முதல் பார்வை. அதைத் தாண்டிப் போங்கள். இகழும்போது நேராக நிற்கும் பொன்னுருவியின் முதுகு, உண்மை தெரிந்தபின் எப்படி மாறுகிறது? குரல் அதே சுருதியில் இருக்க, செருக்கு மட்டும் எப்படிக் கழன்று விழுகிறது? இதைச் சரியாகச் செய்யும் கலைஞர் மிகப் பெரிய நடிகர், எந்த நகரத்து மேடையிலும் நிற்கக்கூடியவர். பெண்களே இந்த வேஷங்களைக் கட்டுவதும் வந்துவிட்டது. கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரம் பகுதியில் 1990-ல் உருவான கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியாக நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் ராஜ வேஷம் உள்பட எல்லாம் பயின்றார்கள். அப்படிப் பயின்றவர்கள் ஆடும் கூத்து கிடைத்தால் பாருங்கள். பழைய காட்சியில் புதிய வலிகள் தெரியும்.

எட்டாம் படி: கட்டியங்காரனைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்

அவர் விதூஷகர், வாயிற்காவலர், உரையாசிரியர், ஊரின் பிரதிநிதி. ராஜாவைக் கேள்வி கேட்பார், புரியாத விருத்தத்துக்கு விளக்கம் கேட்டுப் பெறுவார், சிரிக்கவைப்பார். இரவு இரண்டு, மூன்று மணிக்குக் கூட்டம் சாயத் தொடங்கும்போது ஜமாவே அவர் தோளில்தான் நிற்கும். அந்த நேரத்தில் அவர் எப்படிக் கூட்டத்தை எழுப்புகிறார் என்று பாருங்கள். கொச்சையான பேச்சைக் கொட்டி எழுப்புவது சுலபம், பலர் அதைத்தான் செய்கிறார்கள். கதையில் இருந்தே சிரிப்பை எடுப்பவர் அபூர்வம். சிரிக்கவைத்த கையோடு அழவேண்டிய காட்சிக்குக் கூட்டத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அதுதான் கடினமான வேலை. நல்ல கட்டியங்காரன் தன் சிரிப்பை ஓர் அடி முன்னதாகவே நிறுத்திக்கொண்டு ஒதுங்கிவிடுவார்.

சினிமா மெட்டு வந்தால் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கட்டியங்காரன் வாயில் வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவர் இன்றைய மனிதர். கர்ணனின் புலம்பலில் வந்தால் அது குறைதான். காதில் பழைய படக் காட்சி ஓடத் தொடங்கி, களத்தில் நிற்கும் கர்ணன் காணாமல் போய்விடுகிறான்.

நடுவில் அன்பளிப்பு கொடுத்தவர்களின் பெயரை வாசித்து ஆட்டத்தை நிறுத்துவார்கள். இதைக் குற்றமாகக் கொள்ளாதீர்கள். அவர்கள் வீட்டு அடுப்பு அதில் எரிகிறது. நிறுத்திய இடத்திலிருந்து அதே வேகத்தோடு மறுபடி ஏறும் வேஷக்காரரைப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கிறது.

ஒன்பதாம் படி: பக்தியும் நடிப்பும் தொடும் இடங்கள்

கூத்தில் சில கணங்களில் நடிகர் பாத்திரத்தை விட்டு வெளியே வருவார். துகிலுரிதலில் துச்சாதனன் வேஷம் கட்டியவர் புடவையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பதுண்டு. அர்ச்சுனன் தபசில் உயரமான தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுபவர் மேலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்துக்கும் பூவுக்கும் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். நாடகம் முறிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கற்பூரம் அணைந்ததும் அதே மனிதர் மறுபடி துச்சாதனனாக மாறி, ஊரே அஞ்சும்படி உறுமும்போது, மன்னிப்புக் கேட்டதே அந்தக் கொடுமைக்குக் கூடுதல் கனம் தருகிறது. இந்தப் போக்குவரத்தைத் தடுமாறாமல் செய்வதும் தேர்ச்சிதான். யாருக்காவது அருள் வந்தால் படம் பிடிக்காதீர்கள்.

பத்தாம் படி: கர்ணன் விழும் நேரம்

விடியலை ஒட்டி இந்தக் காட்சி வரும். வேஷக்காரர் அதற்குள் பல மணி நேரம் பாடியிருப்பார், குரல் தேய்ந்திருக்கும். தேர்ந்த கலைஞர் அந்தத் தேய்வையே கர்ணனின் தேய்வாக ஆக்கிக்கொள்வார். முதல் யாமத்திலேயே தொண்டையைச் செலவழித்துவிட்டவருக்கு இங்கே வெறும் கத்தல்தான் மிஞ்சும். எனவே இந்தக் காட்சியின் தரம் முந்தைய இரவு பதினொரு மணிக்கே தீர்மானமாகிவிடுகிறது. எங்கெங்கே குரலை அடக்கி வைத்தார், எந்தத் தருவைப் பின்பாட்டிடம் விட்டுக்கொடுத்தார் என்று இப்போது பின்னோக்கி நினைத்துப் பாருங்கள். முழு இரவும் உட்கார்ந்தவருக்கு மட்டுமே கிடைக்கும் ரசனை இது.

கிழ அந்தணனாக வரும் கண்ணனையும் கவனியுங்கள். சாகிறவனிடம் புண்ணியத்தையும் கேட்டு வாங்குகிறவர் அவர். அந்தக் கையேந்தலில் கபடம் மட்டும் தெரிந்தால் காட்சி சிறுத்துவிடும், கருணை மட்டும் தெரிந்தால் நம்ப முடியாது. இரண்டையும் ஒரே கையில் காட்டுபவரை நான் கர்ணனுக்குச் சமமாக மதிப்பேன். குந்தி வந்து மகனை மடியில் கிடத்திப் புலம்பும்போது, ஊர் அறிய அவனை மகன் என்று அழைக்கும் முதல் சொல்லைக் காது கொடுத்துக் கேளுங்கள். அந்தச் சொல்லுக்கு முன் ஒரு கணம் வாத்தியங்கள் நின்றால், தாளக்காரரும் நடிகர்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

பதினொன்றாம் படி: பாராட்டும் முறை

வேஷம் கலைக்கும் இடத்துக்குப் போய் ‘அருமை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அந்தச் சொல்லை அவர்கள் எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். உங்களைத் தொட்ட ஓர் இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: ‘பொன்னுருவி கதவைச் சாத்தியதும் நீங்கள் பாடாமல் நின்றீர்களே ஐயா, அங்கே எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.’ களைப்பில் கிடக்கும் மனிதர் எழுந்து உட்கார்ந்து, அந்த இடத்தைத் தன் வாத்தியார் எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று பேசத் தொடங்குவார். முகவீணைக்காரரிடமும் தாளக்காரரிடமும் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. பாராட்டோடு கையில் இயன்ற பணமும் இருக்கட்டும்.

அன்றே சில வரிகள் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: யார் எந்த வேஷம், எந்த இடத்தில் கூட்டம் நிமிர்ந்தது, எந்த இடத்தில் நீங்கள் தூங்கினீர்கள். பிறகு அதே கர்ண மோட்சத்தை வேறொரு ஜமா ஆடும்போது போய்ப் பாருங்கள். வடக்கத்திப் பாணி ஒருமுறை, தெற்கத்திப் பாணி ஒருமுறை என்றால் இன்னும் நல்லது. பாட்டு ஒன்றாக இருக்கும், திரை வரவு வேறாக இருக்கும். அல்லது பொன்னுருவி இன்னும் கடுமையாக இருப்பாள், கர்ணன் உண்மையைச் சொல்ல இன்னும் நேரம் எடுத்துக்கொள்வான். எது உங்களுக்குப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரிடம் பேச்சைத் தொடங்குங்கள். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். தான் பார்த்த வேறு ஒரு கர்ணனைச் சொல்வார், எந்த ஊரில், எந்த வாத்தியாரிடம் என்று விவரமாகச் சொல்வார். அந்தப் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.